நாவலா, நாடகமா, மொழிபெயர்ப்பா? யோன் ஃபொஸ்ஸேயின் நாற்பதாண்டு எழுத்து: ஒரு விளக்கம்

2023 அக்டோபர் 5 அன்று ஸ்வீடிஷ் அகாதெமி அந்த ஆண்டின் இலக்கிய நோபல் பரிசை நார்வே எழுத்தாளர் யோன் ஃபொஸ்ஸேக்கு அறிவித்தது. சொல்ல முடியாதவற்றுக்குக் குரல் கொடுக்கும் புதுமையான நாடகங்களுக்காகவும் உரைநடைக்காகவும் இந்தப் பரிசு என்று காரணமும் சொன்னது. 1903இல் பியோர்ன்சன், 1920இல் ஹாம்சுன், 1928இல் சிக்ரிட் உண்ட்செட். அதன் பிறகு 95 ஆண்டுகள் கழித்து நார்வேக்கு வந்த இலக்கிய நோபல் இது.

ஃபொஸ்ஸேயைப் பற்றிய அறிமுகக் குறிப்புகள் சிலவற்றை அடுத்தடுத்துப் படிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். ஒன்றில் அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் வாரிசு, ஐரோப்பிய மேடைகளில் ஓயாமல் நிகழ்த்தப்படும் நாடக ஆசிரியர். இன்னொன்றில் முற்றுப்புள்ளியே இல்லாத ஏழு பகுதி நாவலை எழுதியவர். மூன்றாவதில் ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவையும் ரில்கேயையும் தன் மொழிக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர். போதாக்குறைக்கு, அவர் எழுதுவது நார்வேயின் பெரும்பான்மை எழுத்துமொழியும் அல்ல.

இவற்றைத் தனித்தனித் திறமைகளாகப் பார்த்தால் ஃபொஸ்ஸே பிடிபடமாட்டார். நாவலாசிரியராகத் தொடங்கியவர் பணமுடையால் மேடைக்குப் போனார். மேடையில் மௌனத்தைக் கையாளக் கற்றார். அதை நாவலுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். இந்தப் போக்குவரத்தை வரிசையாகப் பார்த்தால் மற்றவை தாமே விளங்கும்.

முதலில் மொழி: நார்வேக்கு ஏன் இரண்டு?

1. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1814 வரை நார்வே டென்மார்க் அரசோடு இணைந்திருந்தது. ஆட்சி, தேவாலயம், பள்ளி எல்லாவற்றிலும் எழுதப்பட்டது டேனிஷ். வீட்டிலும் வயலிலும் மக்கள் பேசியது அவரவர் வட்டார நார்வேஜியம்.

2. 1814க்குப் பிறகு இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. எழுத்தில் இருந்த டேனிஷைக் கொஞ்சம் கொஞ்சமாக நார்வேமயமாக்கலாம் என்றது ஒரு தரப்பு. அதன் விளைவுதான் இன்று பெரும்பான்மையோர் எழுதும் புக்மோல். மற்ற வழியைத் தனி ஆளாகத் தொடங்கியவர் ஈவர் ஓசன் என்ற விவசாயி மகன். பல்கலைக்கழகப் பக்கம் போகாத அவர் 1842 முதல் ஊர் ஊராகச் சுற்றி வட்டார வழக்குகளைச் சேகரித்தார். 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்தது நீனொர்ஸ்க். ஃபொஸ்ஸே எழுதுவது இதில்தான். இரண்டுக்கும் இப்போதைய பெயர்கள் 1929இல் வந்தன.

3. 1885இல் நாடாளுமன்றம் இரண்டுக்கும் சம உரிமை கொடுத்தது. இன்று நீனொர்ஸ்கில் எழுதுபவர்கள் மக்கள்தொகையில் 10 முதல் 15 சதவீதம். பெரும்பாலும் மேற்குக் கரையின் ஃபியோர்டுப் பகுதியினர். ஃபியோர்டு என்றால் மலைகளுக்கு நடுவே உள்நாடுவரை நீளும் கடற்கால்.

இரண்டும் எழுத்துமொழிகள் என்பதை மறந்துவிடக் கூடாது. நம்முடைய பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் பிரிவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பேச்சில் ஒவ்வொருவரும் தத்தம் வட்டார வழக்கையே பேசுகிறார்கள். ஒன்று தெரிந்தவருக்கு மற்றது புரியும். ஆனாலும் ஒரு நார்வேஜியர் எதில் எழுதுகிறார் என்பது அவர் எந்தப் பக்கத்து மனிதர் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நீனொர்ஸ்க் எண்ணிக்கையில் சிறியது; அமைப்பில் அப்படி அல்ல. அதற்கென்றே 1868இல் தொடங்கிய சாம்லாகெ பதிப்பகம் இருக்கிறது. ஃபொஸ்ஸேயின் நூல்களை வெளியிடுவது அதுதான். ஓஸ்லோவில் 1912இல் நிறுவப்பட்ட தனி நாடக அரங்கும் உண்டு. இவற்றோடு, 1965 முதல் நார்வே அரசு புதிய இலக்கிய நூல்களின் பிரதிகளை வாங்கி நூலகங்களுக்கு அனுப்பி வருகிறது. தொடக்கத்தில் ஒரு நூலுக்கு 1,000 பிரதிகள். விற்பனையை மட்டும் நம்பியிருந்தால் இரண்டாவது புத்தகத்தோடு காணாமல் போயிருக்கக்கூடிய எழுத்தாளர்கள் அங்கே பத்தாவது புத்தகம் எழுதுவது இதனால்தான். ஃபொஸ்ஸேயை ‘மேதை’ என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் இந்த ஏற்பாடுகளைப் பேசுவதில்லை. மேதைக்கும் அச்சகச் செலவு உண்டு.

வகுப்பறையிலிருந்து ஓடிய மாணவர்

ஃபொஸ்ஸே 1959 செப்டம்பர் 29 அன்று மேற்குக் கரை நகரமான ஹௌகெசுண்டில் பிறந்தார். வளர்ந்தது ஹர்டாங்கர் ஃபியோர்டை ஒட்டிய ஸ்ட்ராண்டபார்ம் என்ற சிற்றூரில். ஏழு வயதில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, கையிலிருந்த பாட்டில் உடைந்து, சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். அந்தக் கணங்களில் கண்ட ஒளியும் அமைதியுமே தன்னை எழுத்தாளனாக்கியிருக்கலாம் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். வாழ்க்கை வரலாற்றுக்காரர்களுக்கு இது மிகவும் பிடித்த கதை.

எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது 2023 டிசம்பரில் அவர் தன் நோபல் உரையைத் தொடங்கிய சம்பவம். பள்ளியில் ஆசிரியர் ஒருநாள் பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்கிறார். காரணமே இல்லாமல் ஒரு பயம் பையனைக் கவ்விக்கொள்கிறது. எழுந்து வகுப்பைவிட்டு ஓடிவிடுகிறான். கழிப்பறைக்குப் போகவேண்டியிருந்தது என்று பின்னால் சமாளிக்கிறான். பயம் தன்னிடமிருந்து மொழியைப் பறித்துக்கொண்டது போலிருந்தது, அதை மீட்டாக வேண்டியிருந்தது, தன் விதிகளின்படி மீட்டதுதான் எழுத்து என்கிறார் ஃபொஸ்ஸே. வாய் திறக்க முடியாமல் தவிக்கும் மனிதர்கள் அவருடைய நாடகங்களில் ஏன் நிறைந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் தேவையில்லை.

இளமையில் கிட்டார் வாசித்தார், ராக் குழுவில் இருந்தார். பிறகு இசையை அடியோடு நிறுத்திவிட்டு, கிட்டாரில் கிடைத்ததை எழுத்தில் தேடினார். பெர்கன் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியம் படித்தார். 1983இல் முதல் நாவல் ‘சிவப்பு, கறுப்பு’ வெளியானது. தொடக்க நூல்களுக்கு நல்ல மதிப்புரைகள் கிடைக்கவில்லை. விமர்சகர்களின் பேச்சைக் கேட்பதில்லை என்று அப்போதே முடிவெடுத்ததாக அதே உரையில் குறிப்பிடுகிறார். 1989இல் வந்த ‘படகுக் கொட்டகை’ நாவல்தான் அவரைக் கவனிக்க வைத்தது. இடையில் பெர்கனில் ஒரு எழுத்துப் பயிற்சிக் கழகத்தில் பாடம் நடத்தினார். அங்கே அவரிடம் படித்தவர்களில் ஒருவர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நாவலாசிரியர் கார்ல் ஓவெ க்னவுஸ்கோர்ட்.

மேடை: பணத்துக்காகப் போனவர் கண்டெடுத்தது

நாடகத்தின் மீது ஃபொஸ்ஸேக்குப் பெரிய மோகம் இருந்ததில்லை. 1990களின் தொடக்கத்தில், முழுநேர எழுத்தாளராகக் கையில் காசில்லாமல் இருந்தபோது, ஒரு நாடகம் எழுதித் தரும்படி கேட்டார்கள், ஒப்புக்கொண்டார். அப்படி எழுதியதுதான் ‘யாரோ வரப்போகிறார்கள்’. மேடையேறியதில் முந்திக்கொண்டது வேறொரு நாடகம்: 1994இல் பெர்கனில் ‘நாம் ஒருபோதும் பிரியமாட்டோம்’.

‘யாரோ வரப்போகிறார்கள்’ நாடகத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பாத்திரங்கள் மூவர். அவன், அவள், இன்னொரு ஆண். பெயர் யாருக்கும் இல்லை. ஊரை விட்டு, எல்லாரையும் விட்டு, இருவர் மட்டும் தனித்திருக்க வேண்டும் என்று கடலோரத்தில் பாழடைந்த பழைய வீடு ஒன்றை வாங்கி வந்து நிற்கிறார்கள். கதவைத் திறப்பதற்கு முன்பே அவள் மனத்தில் ஒரு நடுக்கம்: யாரோ வருவார்கள். வருகிறான், வீட்டை விற்றவன். உள்ளே அவனுடைய பாட்டியின் சாமான்கள் அப்படியே கிடக்கின்றன. வந்தவன் அவளைப் பார்த்த விதத்தில் அவளோடு இருப்பவனுக்குப் பொறாமை மூள்கிறது. அவ்வளவுதான் நாடகம். கொலை இல்லை, ரகசியம் அம்பலமாவதில்லை, கதவு அறைந்து சாத்தப்படுவதில்லை.

அச்சில் பார்த்தால் பக்கம் கவிதை போல் இருக்கும். குறுகிய வரிகள், நிறுத்தற்குறிகள் கிடையாது, அதே சொற்கள் சிறு மாற்றத்தோடு திரும்பத் திரும்ப. நடுநடுவே ‘இடைவெளி’ என்ற குறிப்பு. நீண்ட இடைவெளி, குறுகிய இடைவெளி, அல்லது வெறும் இடைவெளி. தன் நாடகங்களில் அதிகம் வருவதும் மிக முக்கியமானதும் இந்தச் சொல்தான் என்று நோபல் உரையில் ஃபொஸ்ஸேயே சொல்கிறார். பாத்திரங்கள் சொல்லாமல் விட்டதை நடிகரின் மௌனம் சுமக்கிறது. நாவலில் இதற்கு வழியில்லை. அங்கே மௌனத்தையும் சொற்களால்தான் எழுதியாக வேண்டும்.

இங்கேதான் ‘புதிய இப்சன்’ என்ற பட்டம் பொருந்தாமல் போகிறது. இப்சன் பெர்கன் அரங்கில் 1851 முதல் 1857 வரை பணியாற்றியவர். ஊர்த் தொடர்பு உண்டு. ஆனால் இப்சன் எழுதியது அன்றைய டேனிஷ் சார்ந்த நார்வேஜியத்தில். அவருடைய நாடகம் கடந்த காலத்தில் புதைந்த உண்மையை அங்குலம் அங்குலமாகத் தோண்டி எடுக்கும். ஃபொஸ்ஸேயிடம் தோண்ட எதுவும் இல்லை. 1996இல் அவருக்கு ‘பெயர்’ நாடகத்துக்காக நார்வேயின் இப்சன் பரிசும், 2010இல் சர்வதேச இப்சன் விருதும் கிடைத்தன. பட்டம் ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

உலகப் புகழ் வந்தது ஆங்கிலத்தின் வழியாக அல்ல. 1999இல் பாரிஸை அடுத்த நான்தேரில் இயக்குநர் கிளோத் ரெஜி ‘யாரோ வரப்போகிறார்கள்’ நாடகத்தை மேடையேற்றினார். மறு ஆண்டே தோமாஸ் ஓஸ்டர்மையர் ‘பெயர்’ நாடகத்தை ஜெர்மன் மொழியில் சால்ஸ்பூர்க் விழாவுக்குக் கொண்டுசென்றார். பின்னர் பத்ரிஸ் ஷெரோ, 2010இல் ‘இலையுதிர்காலக் கனவு’ நாடகத்தை லூவ்ர் அருங்காட்சியகத்திலும், 2011இல் ‘நானே காற்று’ நாடகத்தை லண்டனிலும் இயக்கினார். இன்று அவருடைய நாடகங்கள் நாற்பதை ஒட்டி இருக்கின்றன. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அவருடைய எழுத்து கிடைக்கிறது.

ஒரு சிறு எழுத்துமொழியில் எழுதப்பட்ட நாடகம் இவ்வளவு வேகமாகப் பயணம் செய்தது எப்படி? எனக்குத் தெரியும் காரணங்கள் மூன்று.

1. இரண்டு மூன்று பாத்திரங்கள், ஒரு வீடு அல்லது ஒரு படகு அல்லது ஒரு கல்லறைத் தோட்டம். செலவு குறைவு, ஊர்ப் பெயர்கள் இல்லை, அடிக்குறிப்பு வேண்டாம்.

2. பிரான்சிலும் ஜெர்மனியிலும் அரசு மானியத்தில் இயங்கும் அரங்குகள் வலுவானவை. டிக்கெட் வசூலை நம்பாத இயக்குநர் இரண்டு மணி நேரம் மௌனத்தோடு விளையாடலாம். பார்வையாளரின் பணத்தை நம்பி நடக்கும் ஆங்கில மேடை ஃபொஸ்ஸேயிடம் கடைசிவரை ஒட்டவில்லை. அங்கே விமர்சகர்கள் பலர் கொட்டாவி விட்டார்கள் என்றே சொல்லலாம்.

3. வசனத்தில் விடப்பட்ட இடைவெளிகளை ஒவ்வொரு இயக்குநரும் தன் வழியில் நிரப்பிக்கொள்ள முடிகிறது. புகழ்பெற்ற இயக்குநர்கள் இவரைத் தேடிப் போனதில் இந்தச் சுயநலமும் கலந்திருக்கிறது.

மீண்டும் நாவல்: மெதுவான உரைநடை

மேடைக் காலத்திலும் ஃபொஸ்ஸே உரைநடையைக் கைவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர் லார்ஸ் ஹெர்டர்விக் மனம் பிறழ்வதை எழுதிய ‘மெலங்கோலியா’வின் இரு பாகங்கள் 1995, 1996இல் வந்தன. ஒரு மீனவரின் பிறந்த நாளையும் இறந்த நாளையும் மட்டும் சொல்லும் ‘காலையும் மாலையும்’ 2000இல் வந்தது. பிறகு நாடகம் எழுதுவதில் சலிப்புத் தட்டி, ஏறத்தாழப் பத்தாண்டுகள் மேடையிலிருந்து விலகினார். 2012 வாக்கில் குடியை விட்டார், கத்தோலிக்கரானார். 2015இல் மூன்று குறுநாவல்கள் சேர்ந்த ‘முப்பகுதி’க்கு நோர்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு கிடைத்தது. இதற்கெல்லாம் பின்னால் வந்ததுதான் 2019க்கும் 2021க்கும் இடையே மூன்று தொகுதிகளாக வெளியான ‘ஏழு பகுதிகள்’.

இந்த நாவலில் ஆஸ்லெ என்ற வயதான ஓவியர் டில்க்யா என்ற கடலோரச் சிற்றூரில் தனியே வசிக்கிறார். மனைவி இறந்துவிட்டார். பியோர்க்வின் நகரில் இன்னொரு ஆஸ்லெ இருக்கிறார். அவரும் ஓவியர், குடியில் அழிந்துகொண்டிருப்பவர். இவர் வேறு ஆளா, முதல் ஆஸ்லெ வாழாமல் தப்பிய வாழ்க்கையா என்று நாவல் உறுதியாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு பகுதியும் ஒரே காட்சியில் தொடங்குகிறது: ஒரு படத்தின் முன்னால் ஆஸ்லெ நிற்கிறார், படத்தில் நடுவில் வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள், ஒன்று ஊதா, ஒன்று பழுப்பு. அது முடிந்துவிட்டதா, இன்னும் தீட்ட வேண்டுமா என்று தீர்மானிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மீனவர் ஓஸ்லெய்க் பார்த்துவிட்டு, இது அந்திரேயா சிலுவை என்று பெருமிதத்தோடு ஒரு பெயர் சூட்டிவிடுகிறார். ஒவ்வொரு பகுதியும் முடிவது ஜெபமாலை உருட்டும் ஆஸ்லெயின் பிரார்த்தனையில்.

முற்றுப்புள்ளி இல்லை என்றதும் பலர் மிரளுகிறார்கள். மிரளத் தேவையில்லை. இது சிக்கலான நீள் வாக்கியம் அல்ல. ‘நான் நினைக்கிறேன்’, ‘என்கிறார் அவர்’, ‘மேலும்’ என்று காற்புள்ளிகளால் தைக்கப்பட்ட மிக எளிய துண்டுகள் தறியில் ஓடும் நாடா போலப் போய்த் திரும்புகின்றன. உரையாடல் தனி வரிகளில் வருகிறது. ‘மெதுவான உரைநடை’ என்று ஃபொஸ்ஸே இதற்குப் பெயர் வைத்தார். மேடையில் நடிகர் கொடுத்த இடைவெளியை இங்கே திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கொடுக்கின்றன. நாடகத்தில் பயின்றதை நாவலுக்குக் கொண்டுவந்தார் என்று முன்னால் சொன்னது இதைத்தான்.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2023இல் வந்த ‘வெண்ணொளி’ என்ற சிறு நாவலில் ஒருவன் காட்டுக்குள் கார் ஓட்டிப் போய்ச் சிக்கிக்கொள்கிறான், பனி பெய்கிறது, மரங்களுக்கிடையே வெண்ணிறமாக ஏதோ ஒன்று ஒளிர்கிறது. அதே கதையை அதே ஆண்டில் நாடகமாகவும் எழுதினார்.

குறை சொல்பவர்களுக்கும் இங்கே நியாயம் இருக்கிறது. நாவலுக்கு நாவல் அதே ஃபியோர்டு, அதே படகு, ஆஸ்லெ, ஆலெஸ் என்று ஒலியில் நெருங்கிய பெயர்கள். பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் காத்திருக்கிறார்கள், அல்லது இறந்துபோயிருக்கிறார்கள். ஒரு புத்தகத்தில் மயக்கும் திரும்பக்கூறல் ஐந்தாவது புத்தகத்தில் பழக்கமாகத் தேய்ந்துவிடும் அபாயம் உண்டு.

மொழிபெயர்ப்பு: இரு திசைப் பாதை

ஃபொஸ்ஸே மொழிபெயர்த்தவற்றில் காஃப்காவின் ‘விசாரணை’, ஆஸ்திரியக் கவிஞர் கியோர்க் ட்ராக்கலின் கவிதைகள், ரில்கேயின் ‘துயினோ இரங்கற்பாக்கள்’ ஆகியவை முக்கியமானவை. 2011இல் வெளியான புதிய நார்வேஜிய விவிலிய மொழிபெயர்ப்புக்கு இலக்கிய ஆலோசகர்களில் ஒருவராகவும் இருந்தார்.

நார்வேஜியர் ஒருவர் ரில்கேயைப் படிக்க நீனொர்ஸ்கை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பான்மை எழுத்துமொழி அவருக்குப் புரியும். பிறகு ஏன் இந்த உழைப்பு? கிராமத்து மொழி, பழங்கதைக்குத்தான் உதவும் என்ற ஏளனத்தை நீனொர்ஸ்க் பிறந்த நாள் முதல் சுமக்கிறது. தேவதைகளோடு பேசும் ரில்கேயின் கவிதையும், காஃப்காவின் நீதிமன்றமும் அதில் நிற்கும் என்று காட்டுவதற்கு வாதங்களைவிட மொழிபெயர்ப்புகளே பயன்படும்.

எதிர்த்திசையிலும் அவருக்குக் கடன் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் அவரை நெடுங்காலமாகக் கொண்டுசேர்த்தவர் ஹின்ரிஷ் ஷ்மிட்-ஹென்கெல். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் டேமியன் சேர்ல்ஸ், ‘மெலங்கோலியா’வை முதலில் ஜெர்மனில் படித்துவிட்டு, ஃபொஸ்ஸேக்காகவே நார்வேஜியம் கற்றவர். அவருடைய மொழிபெயர்ப்பில் ‘ஏழு பகுதிகள்’ நாவலின் கடைசித் தொகுதி 2022இல் சர்வதேச புக்கர் பரிசின் குறும்பட்டியலுக்கு வந்தது. ஆங்கில வாசகர்கள் பலர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள். நோபலுக்குப் பிறகு நார்வே, ஃபொஸ்ஸேயின் பெயரில் ஒரு பரிசை ஏற்படுத்தியது. அது நாவலாசிரியருக்கோ நாடக ஆசிரியருக்கோ அல்ல. நார்வேஜிய இலக்கியத்தைப் பிற மொழிகளுக்குக் கொண்டுசெல்லும் மொழிபெயர்ப்பாளருக்கு. 5 லட்சம் குரோனர் கொண்ட அந்தப் பரிசை 2025இல் முதலில் பெற்றவர் ஷ்மிட்-ஹென்கெல்.

படிக்க நினைப்பவர்களுக்கு

ஆங்கிலத்தில் படிக்க முடிகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது.

1. ‘காலையும் மாலையும்’. சிறியது, தெளிவானது, ஃபொஸ்ஸேயின் எல்லா அக்கறைகளும் உள்ளே இருக்கின்றன.

2. ‘வெண்ணொளி’. ஒரே அமர்வில் முடிந்துவிடும். இது பிடிக்கவில்லையென்றால் மேலே போக வேண்டாம்; நேரம் மிச்சம்.

3. ‘ஏழு பகுதிகள்’. முதல் ஐம்பது பக்கங்களில் கதையைத் தேடாதீர்கள். வேகமாகப் படித்தால் ஒன்றும் கிடைக்காது.

4. நாடகங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக மனத்துக்குள் படித்தால் அவை பாதிதான். இருவர் மூவர் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். ‘இடைவெளி’ என்று வரும் இடத்தில் அவசரப்படாமல் நிறுத்துங்கள். தொடங்குவதற்கு ‘யாரோ வரப்போகிறார்கள்’ போதும். அதற்கு மூன்று பேர் இருந்தால் சரி.